குண்டுமழையிலும் குழந்தைக்குப் பால் கொடுத்த நகராட்சி

உணவு ஆய்வாளர் கடை வாசலில் வந்து நின்றாலே நம்மில் பலருக்கு முகம் மாறிவிடுகிறது. சாம்பிள் எடுக்க வந்தாரா, வேறெதற்கேனும் வந்தாரா என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். நகராட்சியின் சுகாதாரப் பிரிவுக்கும் மளிகைக் கடைக்கும் உள்ள உறவு அபராத ரசீது ஒன்றுதான் என்று நாம் பழகிப்போய்விட்டோம். இந்த உறவு வேறு விதமாகவும் இருந்தது உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, இரவுதோறும் குண்டு விழுந்த ஒரு சிறிய ஆங்கில நகராட்சியில் கடைக்காரரும் சுகாதார அதிகாரியும் ஒரே நுகத்தில் பூட்டிய இரு மாடுகளைப்போல வேலை செய்தார்கள். அந்த ஊரின் உணவுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ஓர் இந்தியர். நம் வணிகப் பெருமக்கள் பலரும் அறியாத செய்தி இது என்பதால்தான் இங்கே எழுத முற்படுகின்றோம்.

அந்த ஊரின் பெயர் பின்ஸ்பரி. லண்டன் மாநகரின் நடுவே, வங்கிகளும் வாணிபக் கழகங்களும் நிறைந்த பழைய நகர மையத்துக்கு வடக்கே ஒட்டிக்கொண்டிருந்த நகராட்சி. பரப்பளவு ஒரு சதுர மைலுக்கும் குறைவு. 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் தொகை சுமார் 70 ஆயிரம். கடிகாரம் செய்வோர், அச்சுத் தொழிலாளிகள், கிடங்குகளில் மூட்டை சுமப்போர் என்று உழைக்கும் ஜனங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். ஒரே அறையில் ஒரு குடும்பம், ஒரு தளத்துக்கு ஒரு குழாய் என்பது அங்கே சாதாரணம். காசநோயும் குழந்தைகளுக்கு எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயும் குடியிருந்த ஊர் என்றே சொல்லலாம். தாதாபாய் நௌரோஜி 1892-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது இந்த மத்திய பின்ஸ்பரி தொகுதியிலிருந்துதான். வெற்றி வித்தியாசம் ஐந்தே வாக்குகள்!

லண்டனில் நிர்வாகம் இரண்டு அடுக்காக இருந்தது. பெரிய மருத்துவமனைகள், ஆம்புலன்ஸ், பள்ளிக்கூடங்கள் ஆகியவை லண்டன் கவுண்டி மன்றத்தின் பொறுப்பு. குப்பை, சாக்கடை, பொதுக் குளியலறை, நூலகம், தாய் சேய் நலம், காசநோய் மருந்தகம், கடைகளில் உணவுப் பரிசோதனை ஆகியவை அந்தந்த நகராட்சியின் பொறுப்பு. அதாவது, நோய் வந்த பிறகு பார்ப்பது மேலே. நோய் வராமல் பார்ப்பது கீழே. இந்தக் கீழ் வேலைக்குப் புகழும் கிடைக்காது, பணமும் கிடைக்காது. பின்ஸ்பரியில் இந்த வேலைகள் ஆளுக்கொரு மூலையில், பழைய கட்டிடங்களில் சிதறிக் கிடந்தன.

இதை ஒரே கூரையின்கீழ் கொண்டு வந்தவர்களில் முதன்மையானவர் டாக்டர் சுனிலால் கட்யால். பஞ்சாபில் பிறந்தவர். லாகூரில் மருத்துவம் பயின்று 1927-இல் இங்கிலாந்து சென்றார். முதலில் கிழக்கு லண்டனில் கேனிங் டவுன் பகுதியில் ஏழைத் தொழிலாளர்களிடையே வைத்தியம் பார்த்தார். 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தியடிகளும் நடிகர் சார்லி சாப்ளினும் சந்தித்துக் கொண்டது இவருடைய வீட்டில்தான். பிறகு பின்ஸ்பரிக்குக் குடிபெயர்ந்து, 1934-இல் தொழிற்கட்சி சார்பில் நகராட்சி உறுப்பினராகி, பொதுச் சுகாதாரக் குழுவின் தலைவரானார். 1938-இல் மேயராகவும் தேர்வு பெற்றார். பிரிட்டனில் மேயர் பதவிக்கு வந்த முதல் தெற்காசியர் இவரே என்பது குறிப்பிடத்தக்கது. நாடு அடிமையாக இருக்கும்போதே, ஆண்டவர்களின் தலைநகரில் ஒரு நகராட்சிக்கு நம்மவர் மேயர்!

பைன் தெருவில் 1938 அக்டோபரில் திறக்கப்பட்ட பின்ஸ்பரி நலவாழ்வு நிலையம் இவரது குழுவின் சாதனை. கட்டிடக் கலைஞர் பெர்த்தோல்ட் லுபெட்கினும் அவரது டெக்டன் குழுவினரும் வடிவமைத்தார்கள். காசநோய்ப் பிரிவு, பல் மருத்துவம், கால் மருத்துவம், தாய்மார்களுக்கான பிரிவு, வெயில் காணாத பிள்ளைகளுக்கு விளக்கொளிச் சிகிச்சை அறை, சொற்பொழிவுக் கூடம் என்று எல்லாம் ஒரே இடத்தில். மூட்டைப்பூச்சி மொய்த்த வீட்டுக்குப் புகை போட்டு, படுக்கை துணிமணிகளைக் கீழ்த்தளத்தில் சுத்திகரித்துக் கொடுப்பார்கள். அதுவரை அந்தக் குடும்பம் தங்குவதற்கு அங்கேயே இடமும் இருந்தது. கண்ணாடிக் கட்டிகளால் ஆன முகப்பு. உள்ளே நுழைந்தால் வெளிச்சமும் காற்றும். சுவரில் நல்ல காற்றின் அவசியத்தைச் சொல்லும் படங்கள். தர்ம ஆஸ்பத்திரி என்றால் இருட்டும் பெஞ்சும் அதட்டலும் என்றிருந்த காலத்தில், சாதாரண ஜனங்களுக்கு எதுவுமே அதிகப்படி அல்ல என்பது லுபெட்கினின் கொள்கை.

திறந்து ஓராண்டு முடிவதற்குள் போர் வந்துவிட்டது. 1939 செப்டம்பரில் போர் அறிவிப்பு வந்தபோது மேயர் நாற்காலியில் இருந்தவர் கட்யால்தான். குழந்தைகளை ரயிலேற்றி கிராமப்புறங்களுக்கு அனுப்பும் வேலை முதல் வேலையாயிற்று. அதற்கு முன்பே நகராட்சி வேறொரு திட்டமும் தீட்டியிருந்தது. ஊர் மக்கள் அனைவருக்கும் பூமிக்கடியில் ஆழமான பதுங்கிடம். வட்டமாகச் சுழன்று இறங்கும் சாய்தளம். போர் முடிந்தபின் அதையே மோட்டார் வண்டி நிறுத்துமிடமாக்கலாம். லுபெட்கின் குழுவும் பொறியாளர் ஓவ் ஆரப்பும் வரைபடம் தயாரித்தனர். மத்திய அரசு இதற்கு அனுமதி தரவில்லை. செலவு, சிமெண்ட், கம்பி, காலம் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஆழத்தில் இறங்கிய ஜனம் மேலே வந்து வேலைக்குப் போகாது என்ற அச்சமும் மேலிடத்தில் இருந்தது. பாதுகாப்புத் துறையைக் கவனித்த அமைச்சர் சர் ஜான் ஆண்டர்சன், அதற்கு முன் வங்காள மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். அவர் பெயரால் வழங்கிய தகரப் பதுங்கிடத்தை வீட்டுத் தோட்டத்தில் புதைத்துக்கொள்ள வேண்டும். தோட்டமே இல்லாத பின்ஸ்பரிக்காரன் எங்கே புதைப்பான்?

1940 செப்டம்பர் 7-ஆம் தேதி தொடங்கி 57 இரவுகள் தொடர்ச்சியாக லண்டன் மீது குண்டு விழுந்தது. ஜனங்கள் டிக்கெட் எடுத்துக்கொண்டு பாதாள ரயில் நிலையங்களுக்குள் இறங்கிப் படுத்துவிட்டார்கள். அரசு தடுத்துப் பார்த்து, பிறகு விட்டுவிட்டது. ஆயிரக்கணக்கானோர் காற்றோட்டமும் கழிப்பிடமும் இல்லாத இடத்தில் இரவு முழுவதும் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹார்டர் பிரபு தலைமையில் அமைந்த குழு இதை ஆராய்ந்து பரிந்துரைகள் அளித்தது. அடுக்குக் கட்டில், கழிப்பிடம், முதலுதவி அறை, செவிலியர் என்று ஒவ்வொன்றாக ஏற்பாடு ஆயிற்று. இவற்றை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு நகராட்சி சுகாதார அதிகாரிகளின் தலையில் விழுந்தது. பகலில் கடைகளைச் சோதித்தவர்களே இரவில் பதுங்கிடங்களைச் சுற்றி வந்தார்கள்.

குளியல் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பின்ஸ்பரியில் பெரும்பாலான வீடுகளில் குளியலறை கிடையாது. அயர்ன்மங்கர் ரோ என்ற தெருவில் 1931-இல் நகராட்சி கட்டிய பொதுக் குளியலறையும் சலவைக்கூடமும் 1938-இல் நீச்சல் குளத்தோடு விரிவாக்கப்பட்டிருந்தன. கொஞ்சம் காசுக்கு வெந்நீர், சோப்பு, துணி துவைக்கத் தொட்டி. சமாதான காலத்தில் இது வசதி. பதுங்கிடத்தில் பேனும் சிரங்கும் பரவிய போர்க்காலத்தில் இதுவே மருந்து. வீடு இழந்தவர்கள் தங்குவதற்குப் புகழ்பெற்ற சாட்லர்ஸ் வெல்ஸ் நாடக அரங்கமே இடமாயிற்று. ஆட்டமும் பாட்டும் நடந்த இடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். அதே சாலையில்தான் லண்டன் முழுவதற்கும் குடிநீர் வழங்கிய வாரியத்தின் தலைமை அலுவலகமும் இருந்தது. குழாய் உடைந்தால் சாக்கடை கலக்கும் என்பதால் குளோரின் கலந்த நீர் கட்டாயம். பெரிய கொள்ளைநோய் எதுவும் லண்டனில் தலைகாட்டவில்லை.

இனி நம் தொழிலுக்கு வருவோம்.

1940 ஜனவரி 8-ஆம் தேதி ரேஷன் தொடங்கிற்று. ஆளுக்கு வாரம் வெண்ணெய் 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம். பன்றி இறைச்சி அதே அளவு. சர்க்கரை 12 அவுன்ஸ், சுமார் 340 கிராம். ஜூலையில் தேயிலையும் சேர்ந்தது: 2 அவுன்ஸ். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசு தனியாக ரேஷன் கடை திறக்கவில்லை. இருக்கும் மளிகைக் கடைகளே ரேஷன் கடைகள். ஒவ்வொரு நகராட்சிப் பகுதியிலும் ஓர் உணவுக் கட்டுப்பாட்டுக் குழு அமைந்தது. அதில் பெரும்பான்மை பொதுமக்கள் சார்பினர். வியாபாரிகளுக்கும் இடம் உண்டு. கடைக்கு லைசென்ஸ் கொடுப்பதும், விலை மீறியவர்மேல் வழக்குப் போடுவதும் இந்தக் குழுதான். பின்ஸ்பரியில் இதன் தலைவராக இருந்தவரே நாம் மேலே சொன்ன டாக்டர் கட்யால். வான்தாக்குதல் மருத்துவப் பிரிவுக்கும் அவரே தலைவர். மருந்தும் அரிசியும் ஒரே மனிதரின் மேசைக்கு வந்தன என்றால் மிகையில்லை.

நடைமுறை இப்படி. ஒவ்வொரு குடும்பமும் தனக்குப் பிடித்த கடையில் பதிவு செய்துகொள்ளும். கடைக்காரர் பதிவுச் சீட்டுகளை எண்ணி உணவு அலுவலகத்தில் கொடுப்பார். எத்தனை பதிவோ அத்தனை பேருக்கான சரக்குக்குப் பெர்மிட். அந்தப் பெர்மிட்டை மொத்த வியாபாரியிடம் காட்டினால்தான் மூட்டை நகரும். கூப்பன் வெட்டுவது, எண்ணுவது, கட்டுவது என்று ராத்திரி விளக்கை மறைத்துக்கொண்டு மளிகைக்காரர் குடும்பமே உட்கார்ந்தது. விற்பனை விலையையும், மொத்தத்துக்கு எவ்வளவு, சில்லறைக்கு எவ்வளவு என்ற லாப விகிதத்தையும் அரசே நிர்ணயித்தது. மொத்த வியாபாரம் செய்யும் நமக்கு இதைப் படிக்கும்போதே தலை சுற்றுகிறது. ஆயினும் இதில் சிறு கடைக்காரருக்கு ஒரு நன்மை இருந்தது. பதிவு செய்த வாடிக்கையாளரைப் பெரிய கிளைக் கடைகள் விலையைக் குறைத்து இழுத்துக்கொண்டு போக முடியாது. கஷ்டமும் இருந்தது. பின்ஸ்பரி போன்ற ஊரில் ஒரு தெருவே இடிந்து ஜனம் வெளியேறினால், அந்தத் தெருவை நம்பிய கடைக்குப் பெர்மிட்டும் சுருங்கிவிடும். கட்டிடம் தப்பித்தும் வியாபாரம் போன கடைகள் பல.

1941 டிசம்பரில் வந்த பாயிண்ட் முறை வியாபாரிகளுக்குப் பாடமாக வைக்கத்தக்கது. டின் இறைச்சி, டின் மீன் போன்றவற்றை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட முடியாது. அவ்வளவு சரக்கு இல்லை. ஆகவே ஆளுக்கு நான்கு வாரத்துக்கு 16 பாயிண்ட் கொடுத்து, எந்தக் கடையிலும், விரும்பியதை வாங்கிக்கொள் என்று விட்டார்கள். அடுத்த மாதம் அரிசி, பருப்பு, உலர்ந்த பழங்களும் இதில் சேர்ந்தன. ஒரு சரக்கு தேங்கினால் அதன் பாயிண்டைக் குறைப்பார்கள், பற்றாக்குறையானால் கூட்டுவார்கள். காசு விலை மாறாமலே சந்தை நடந்தது. இதைச் செய்த உணவு அமைச்சகத்தின் தலைவர் ஊல்டன் பிரபு அரசியல்வாதி அல்லர். லூயிஸ் என்னும் பெரிய பல்பொருள் அங்காடி நிறுவனத்தை நடத்தியவர். கடைக்காரன் புத்தி எங்கே வேலை செய்திருக்கிறது என்பது நமக்குப் புரிகிறது.

சுகாதாரத் துறையும் கடையும் சேரும் இடம் பால். 1940 ஜூலையில் வந்த தேசியப் பால் திட்டப்படி, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் தினம் ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல், இரண்டு பென்ஸ் விலையில் கிடைத்தது. வருமானம் குறைந்தவருக்கு இலவசம். வழக்கமான பால்காரரே கொடுப்பார். வித்தியாசத்தை அரசு ஈடு செய்யும். இவர்களுக்குப் பச்சை அட்டைப் புத்தகம். அதைக் கண்டால் முட்டையோ ஆரஞ்சோ வந்திருந்தால் முதலில் எடுத்து வைக்க வேண்டும். நீண்ட வரிசையில் நிற்கும் மற்றவர்கள் முன்னிலையில் இதை நடத்தியது கடைக்காரர்தான். 1941 இறுதியிலிருந்து குழந்தைகளுக்கு மீன் எண்ணெயும் பழச்சாறும் தாய் சேய் நிலையங்கள் வழியாகக் கிடைத்தன. பழச்சாற்றுக்கு இருந்த வரவேற்பு மீன் எண்ணெய்க்கு இல்லை. பிள்ளைகள் எந்த ஊரானாலும் பிள்ளைகள்தாமே!

ரொட்டி விஷயம் வேடிக்கையானது. கப்பலில் இடத்தை மிச்சப்படுத்த, 1942-இல் வெள்ளை மாவை நிறுத்தி, கோதுமையில் நூற்றுக்கு 85 பங்கு வரை மாவாக எடுத்து, பழுப்பு ரொட்டிதான் என்று ஆணையிட்டார்கள். தவிடு கூடினால் உடம்பில் சுண்ணாம்புச் சத்து சேருவது குறையும் என்று விஞ்ஞானிகள் எச்சரித்ததால், மாவில் சுத்தமான சுண்ணாம்புத் தூள் கலக்கவும் அரசே உத்தரவிட்டது. நாம் கலந்தால் கலப்படம். அங்கே கலந்தது சத்துணவு! ஆனால் அளவும் காரணமும் ஊரறியச் சொல்லிக் கலந்தார்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. ரொட்டி போர் முடியும் வரை ரேஷனுக்கு வரவில்லை, 1946-இல்தான் வந்தது.

குண்டு விழுந்த கடையின் சரக்கு என்ன ஆகும்? நொறுங்கிய ஜன்னல் கண்ணாடி சர்க்கரை மூட்டையில், தீயணைத்த தண்ணீர் மாவு மூட்டையில். சுகாதார ஆய்வாளர் வந்து, உண்ணத் தக்கது இது, கால்நடைக்கு இது, குப்பைக்கு இது என்று பிரிப்பார். ஒரு மூட்டையும் வீணாகக் கூடாது, ஒரு கண்ணாடித் துகளும் குழந்தை வாய்க்குள் போகக் கூடாது. இரண்டுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அவர். அந்த நேரத்தில் ஆய்வாளர் வருவதற்காகக் கடைக்காரரே காத்திருந்தார்.

எல்லாம் இணக்கமாக நடந்தது என்று எழுதினால் அது பொய். உள்ளறைச் சரக்கு அங்கேயும் உண்டு. வேண்டியவருக்கு வேண்டியது கிடைத்தது. நீதிமன்றத்தில் அபராதம் கட்டியவர்களும் உண்டு. மன்றங்கள் நடத்திய மலிவு உணவகங்களைச் சர்ச்சில் 'பிரிட்டிஷ் ரெஸ்டாரண்ட்' என்று பெயரிட்டு ஊக்குவித்தபோது, நாடெங்கும் அவை 2 ஆயிரத்துக்கு மேல் பெருகின. வரிப்பணத்தில் நம்மோடு போட்டியா என்று உணவு விடுதிக்காரர்கள் பல ஊர்களில் எதிர்த்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி என்றே நாம் கருதுகின்றோம். வீடும் அடுப்பும் இழந்தவனுக்கு அன்றைக்குச் சூடான சோறு யார் போடுவது என்ற கேள்விக்கு மட்டும் அவர்களிடம் பதில் இல்லை.

போரின் கடைசி மாதங்களில் கூட ஆபத்து நீங்கவில்லை. 1945 மார்ச் 8-ஆம் தேதி, பின்ஸ்பரியின் எல்லையை ஒட்டிய பாரிங்டன் சந்தைமேல் ஜெர்மனியின் வி-2 ராக்கெட் விழுந்தது. முயல் இறைச்சி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுத் தாய்மார்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்ற நேரம். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சந்தையில் பிழைக்கும் நமக்கு அந்தக் காட்சியை எண்ணிப் பார்க்கவே முடியவில்லை.

பலன் என்ன என்று கணக்குப் பார்ப்பது நம் வழக்கம். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் 1939-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 51 ஓராண்டுக்குள் இறந்தன. குண்டுவீச்சின் கொடுமையில் 1941-இல் இது 60 ஆக ஏறிற்று. 1945-இல் 46 ஆகக் குறைந்தது. போர்க்காலத்தில் சிசு மரணம் குறைவது சாதாரண விஷயமா? தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியாவுக்கு 1940 இறுதியிலிருந்து நாடெங்கும் இலவசத் தடுப்பூசி போட்டார்கள். அந்த ஆண்டு 2,400-க்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட நோய் 1950-இல் 50-க்கும் குறைவானவரையே கொண்டது. இதே போர்க்காலத்தில், 1943-இல், இதே அரசின் ஆட்சியிலிருந்த வங்காளத்தில் பல லட்சம் பேர் பட்டினியால் மாண்டார்கள் என்பதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு பக்கம் பச்சை அட்டை. மறுபக்கம் பச்சைத் தண்ணீருக்கும் நாதியில்லை.

அரசின் போர்க்காலப் பிரசாரச் சுவரொட்டி ஒன்றில் ஓவியர் ஆப்ராம் கேம்ஸ், பின்ஸ்பரி நலவாழ்வு நிலையத்தைப் பளிச்சென்று வரைந்து, அதன் பின்னே இடிந்த சுவரும் நோஞ்சான் குழந்தையும் தெரியும்படி செய்திருந்தார். எதற்காகப் போரிடுகிறோம் என்று படைவீரர்களுக்குக் காட்டுவது நோக்கம். பழைய லண்டனை இழிவுபடுத்துகிறது என்று சர்ச்சிலுக்குக் கோபம், சுவரொட்டி நிறுத்தப்பட்டது. ஆனால் படத்திலிருந்த எண்ணத்தை நிறுத்த முடியவில்லை. 1948 ஜூலை 5-ஆம் தேதி எல்லோருக்கும் இலவச மருத்துவம் அளிக்கும் தேசியச் சுகாதாரப் பணி தொடங்கியது. அதற்கு முன்மாதிரிகளில் ஒன்றாகப் பைன் தெருக் கட்டிடம் பேசப்பட்டது. ரேஷன் மட்டும் 1954 ஜூலை வரை நீடித்தது.

பின்ஸ்பரி பழைய பின்ஸ்பரியாக மீளவில்லை. 1951-இல் மக்கள் தொகை சுமார் 35 ஆயிரம். பாதி ஊர் போய்விட்டது. 1965-இல் நகராட்சியே பக்கத்து இஸ்லிங்டனோடு இணைக்கப்பட்டது. நலவாழ்வு நிலையக் கட்டிடம் முதல் தரப் பாதுகாப்புச் சின்னமாக நிற்கின்றது.

டாக்டர் கட்யாலுக்கு 1948-இல் அந்த ஊர் 'நகரின் உரிமை' என்னும் கௌரவத்தை அளித்தது. அதே ஆண்டில் அவர் சுதந்திர இந்தியாவுக்குத் திரும்பினார். இங்கே அவருக்குக் கிடைத்த பொறுப்பு, தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர் பதவி. நாம் மாதாமாதம் பணியாளர் சம்பளத்தில் பிடித்து, நம் பங்கையும் சேர்த்துக் கட்டுகிறோமே, அந்த ஈ.எஸ்.ஐ.தான். 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியபோது பொறுப்பில் இருந்தவர் அவர். 1953-இல் பதவி விட்டு, பின்னர் லண்டன் திரும்பி, 1978-இல் காலமானார். தமிழகத்தில் ஈ.எஸ்.ஐ. 1955-இல் கோவையில் தொடங்கிற்று. அங்கே ஆலைத் தொழிலாளி ஒருவன் முதன்முதலாகச் சீட்டை நீட்டி மருந்து வாங்கியபோது, அந்தச் சீட்டின் மறுமுனை பைன் தெருவில் இருந்தது என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.